புஜ்ஜிக்குப் பாதி ஊசி

ஈஜிபுராவில் குடியிருக்கும் யசோதாவுக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை. அவளுடைய பூனை புஜ்ஜிக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போடுவது அவள்தான்.

அன்று காலை புஜ்ஜி சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. அப்புறம் சாப்பிடும் என்று வழக்கமான அளவையே போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள் யசோதா. மிஷினில் உட்கார்ந்த பிறகுதான், வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடுமே என்று உறைத்தது. தையல் கோணலாகப் போனது. தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

புஜ்ஜி கால் பின்னித் தள்ளாடிக்கொண்டிருந்தது. தேனை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவிக்கொண்டே டாக்டருக்கு போன் போட்டாள்.

"சாப்பிடாமயே ஊசி போட்டுட்டேன் மேடம்!"

"தேன் தடவினது நல்லதாப் போச்சு. உடனே தூக்கிட்டு வாங்க."

கிளினிக்கில் புஜ்ஜி மெல்லத் தெளிந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "சாப்பிடாதது மட்டும் காரணமில்லம்மா. இதுக்கு இப்ப அவ்வளவு மருந்து தேவைப்படல. உடம்பு தேறிட்டு வருது. பாதியாக் குறைச்சிடலாம்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனாலும் மறுநாள், புஜ்ஜி சாப்பிட்டதும் பாதி ஊசி போட்ட யசோதாவுக்கு உட்கார முடியவில்லை. லீவு போட்டுவிட்டு, அது கண்ணை மூடும்போதெல்லாம் மறுபடி மயக்கமோ என்று தட்டி எழுப்பினாள். எரிச்சலில் அது கையைப் பிறாண்டியதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.