ஆல்ட்டோவின் ஃபா

எங்கள் சபைப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாட இருந்ததே இரண்டு பேர். ஒருவர் வங்கி ஊழியர். அவரைக் கூடலூருக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு மலையிறங்கிப் போய்விட்டார். இரண்டும் ஒரே மாதத்தில், அதுவும் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

பண்டிகையன்று குன்னூரில் எங்கள் சபை தவறாமல் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதை எழுதி மெட்டமைத்து, நான்கு குரல்களுக்குப் பிரித்துக் கணினியில் ஏற்றியவர் என் கொழுந்தனார். அவர் வேலைக்காக வெளிநாடு போனபோது லேப்டாப்பும் கீபோர்டும் குழுவின் பொறுப்பும் என் தலையில் விழுந்தன. நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பியானோ கற்றுக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

நான்கு குரல் பாட்டை மூன்று குரலாக்க வேண்டும். டெனரையும் ஆண்களின் கீழ்க்குரலான பேஸையும் சேர்த்து ஆண்களுக்கு ஒரே வரியாக எழுத வேண்டும். மொத்தப் பாட்டையும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும்; மேல் சுரம் பாடும் பெண்களுக்கும் வயதாகிறதல்லவா. எங்கள் ஆட்கள் கோடு போட்ட இசைக்குறிப்பைப் படிக்க மாட்டார்கள். தோ, ரே, மி, ஃபா என்று எழுத்தில் இருந்தால்தான் பாடுவார்கள். அதனால் ஒவ்வொரு குரலுக்கும் அடியில் அந்த எழுத்துகளும் வர வேண்டும். கொழுந்தனாருக்கு போன் செய்து, செய்து தரச் சொன்னேன்.

"எனக்கு இந்த வாரம் ஃபுல்லா ஷிஃப்ட்டுங்க அண்ணி. ஏஐகிட்ட குடுங்க. அதுவே ஃபைலைத் திறந்து படிச்சு, நீங்க சொல்ற மாதிரி மாத்திக் குடுத்துரும்" என்றார்.

"அதுக்குப் பாட்டுத் தெரியுமா தம்பி?"

"நம்மள விட நல்லாத் தெரியும்."

அவர் சொன்னபடி ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து அந்த ஏஐ உதவியாளரை லேப்டாப்பில் இணைத்தேன். கோப்பைப் படிக்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது, அனுமதித்தேன். திருத்த அனுமதிக்கிறீர்களா என்றது. அதற்கும் சரி என்றேன். பழைய கோப்பின் மேலேயே சேமிக்கலாமா என்று கேட்டபோது அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. எதையோ அழுத்திவிட்டு எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. 'தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. தங்களுக்கு உதவியதில் மிக்க மகிழ்ச்சி' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருந்தது. நான் முதல் நாலு வரியைப் படித்தேன். தாளைப் பார்த்தால் மூன்று குரலும் எழுத்துகளும் அழகாக வரிசையாக நின்றன. அசந்துதான் போனேன். பெட்ஃபோர்டு கடைவீதியில் ஜெராக்ஸ் எடுத்து அன்று சாயங்காலமே எல்லோருக்கும் கொடுத்தேன். இரண்டு தாளும் கையில் இருந்தால் குழப்பம் வரும் என்று பழைய தாள்களைத் திரும்ப வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த பயிற்சிக்கு, வழியில் காட்டெருமை நின்றதால் பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். அந்த எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன். முதல் வரி சரியாகப் போனது. இரண்டாவது வரியின் முடிவில் 'விளைவெல்லாம் உமதே' என்று நிற்கும் இடம் வந்ததும் என் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

அந்த 'உமதே'யில்தான் எங்கள் பாட்டின் உயிர் இருக்கிறது. மேல் குரல் 'சோ'வில் நிற்கும். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ அதற்கு ஒட்டினாற்போல் கீழே 'ஃபா'வில் நிற்கும். இரண்டும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். கேட்பவர்களுக்கு இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்று நெஞ்சு ஏங்கும். அப்போதுதான் மூன்றாம் வரி தொடங்கும். இப்போது அந்த உரசலைக் காணோம். சர்க்கரை போடாத பாயசம் மாதிரி இருந்தது.

"ஆல்ட்டோ, என்ன பாடுறீங்க?" என்றேன்.

ஆல்ட்டோக்களுக்குத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாள்ல இருக்கறதத்தானுங்க பாடுறோம். 'மி'ன்னு போட்டிருக்குது. 'மி' பாடுறோம்."

"அது 'ஃபா'ங்க டீச்சர். எப்பவும் 'ஃபா'தானே பாடுவோம்."

"அப்ப 'ஃபா'ன்னு எழுதிக் குடுங்க. தாள் ஒண்ணு, வாய் ஒண்ணுன்னு பாட எங்களுக்குத் தெரியாதுங்க."

வீட்டுக்கு வந்து அறிக்கையைக் கடைசிவரை படித்தேன். அடியில் ஒரு வரி இருந்தது: 'ஆல்ட்டோ பகுதியில் காணப்பட்ட ஒரு சிறு பிழையையும் சரிசெய்துள்ளேன்.' கேட்காமலே செய்திருக்கிறது! பக்கத்து வீட்டுக்காரி காப்பித்தூள் கடன் கேட்க வந்து, போகிற போக்கில் என் அலமாரியையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

'அது பிழை இல்லை. அந்த இடத்தில் ஃபா வேண்டும்' என்று எழுதினேன். 'மிகச் சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள், மன்னிக்கவும்' என்று சொல்லி மாற்றியது. இந்தத் தடவை நான் முழுவதையும் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். ஆல்ட்டோவில் வரி முடிகிற இடமெல்லாம் 'ஃபா' ஆகியிருந்தது. ஆமென் உட்பட. அந்த ஆமெனைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தபோது, யாரோ கதவைத் திறந்துவிட்டு மூடாமல் போனதுபோல் இருந்தது.

மறுபடியும் எழுதினேன். மறுபடியும் மன்னிப்பு. மூன்றாம் சரணத்தைச் சரிசெய்தால் முதல் சரணம் மாறியது. முதல் சரணத்தைச் சொன்னால் தோ ரே மி எழுத்துகள் ஒரு கட்டம் நகர்ந்தன. ஒவ்வொரு தடவையும் அதே பணிவு, அதே மகிழ்ச்சி. எதிரில் ஒரு மனுஷன் இருந்திருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பேன். இது நான் கத்தக் கத்த நன்றி சொன்னது.

'பழைய கோப்பை அப்படியே கொடு' என்றேன். தங்கள் அனுமதியுடன் அதன் மேலேயே சேமிக்கப்பட்டது என்றது.

சரி, பழைய தாளைப் பார்த்து நானே கையால் போட்டுவிடலாம் என்று எழுந்தேன். கட்டிவைத்த இடத்தில் தாள்கள் இல்லை.

"ஏங்க, அலமாரி மேல ஒரு கட்டுத் தாள் வெச்சிருந்தேன், பார்த்தீங்களா?"

என் கணவர் தலை துவட்டிக்கொண்டே வந்தார். "அந்தப் பழைய பாட்டுத் தாளா? விறகெல்லாம் ஈரமாக் கெடந்துச்சு. வெந்நீர் அடுப்பு பத்தவே இல்ல. நீதான் அதெல்லாம் இனி வேண்டாம்னு சொன்னியே."

"எல்லாத்தையுமா?"

"தண்ணி நல்லா சுட்டுதே" என்றார்.

அவரோடு பேசிப் பயனில்லை. அவர் குழுவில் பேஸ் பாடுகிறவர். எழுத்தைப் பார்த்தும் பாட மாட்டார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, அரை நொடி பிந்திப் பாடுவார். அவருக்கு எந்தத் தாள் எரிந்தால் என்ன?

வேறு வழியில்லாமல் கொழுந்தனாருக்கு மறுபடியும் போன் செய்தேன். சமையலறையில் சிக்னல் கிடைக்காது. வாசலில் பனிமூட்டத்துக்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பழைய ஃபைல் என் மெயில்ல இருக்கும், தேடி அனுப்புறேன். ஆமா, எந்த இடம்னு சொன்னீங்க?"

"'உமதே' தம்பி. ஆல்ட்டோ 'ஃபா' நிக்கற இடம். அதப் போய்ப் பிழைன்னு சொல்லி 'மி'யாக்கிட்டது."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேனுங்க அண்ணி. அது வந்து... அது 'மி'தானுங்க."

"என்னது?"

"நான் எழுதுனது 'மி'. கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப ஒரு இடம் மேல தள்ளி வெச்சுட்டேன். மொத வருஷம் நீங்க பாடறப்பத்தான் கவனிச்சேன். அப்புறம் பார்த்தா எல்லாரும் வந்து அந்த இடம் பிரமாதம், அந்த இடம் பிரமாதம்னு கையப் புடிச்சுச் சொல்றாங்க. ஆயர்கூடச் சொன்னார். அப்ப போய்த் தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

மூன்று நாளாக அந்த 'ஃபா'வுக்காக மல்லுக்கு நின்றிருக்கிறேன். உனக்கு இசை தெரியுமா என்றுகூட ஒரு தடவை ஆத்திரத்தில் எழுதியிருந்தேன். அது சொன்னதுதான் சரியாம். எழுதியவரே சொல்கிறார்.

"ஏன் தம்பி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானுங்க அண்ணி இருக்கறதுலயே அதிகமாப் பாராட்டுனீங்க."

வீட்டுக்குள் வந்து சொன்னதும் என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அன்று நான் அவருக்குத் தட்டு போடவில்லை. அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

குழுவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. எதைப் பாடுவது என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்த பயிற்சியில் நடந்ததைச் சொன்னேன். எழுதியவர் நினைத்தது 'மி' என்றால் 'மி' பாடுவதுதான் நியாயம், புதுத் தாளிலும் அதுதானே இருந்தது என்றேன். 'தாளில் இருப்பதைத்தான் பாடுவோம்' என்று போன வாரம் என்னிடம் சட்டம் பேசிய தலைமையாசிரியை எழுந்து நின்றார்.

"அதெப்படிங்க? அவரு தப்பா வெச்சாரோ சரியா வெச்சாரோ, இத்தன வருஷமா நாங்க நின்ன இடம் 'ஃபா'. எங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கும் இந்தப் பாட்டத்தான் பாடுனீங்க. அன்னிக்கு 'உமதே'ன்னு நின்னது இதே 'ஃபா'வுலதான். இப்ப மிஷின் வந்து சொல்லுச்சுன்னு என்னால மாத்த முடியாதுங்க."

"மிஷின் சொல்லலீங்க டீச்சர். எழுதுனவரே சொல்றார்."

"அவர வந்து ஆல்ட்டோ பாடச் சொல்லுங்க."

மற்ற ஆல்ட்டோக்கள் அவர் பக்கம் நகர்ந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும், 'மி' சுலபமாக இருந்தது என்று முனகினாள். தலைமையாசிரியை திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். என் கணவர் பின்வரிசையிலிருந்து, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கோபத்தில் கீபோர்டை மூடினேன். பிறகு திறந்தேன். டீச்சர் சொன்ன அடக்க ஆராதனையில் நானும்தான் வாசித்தேன். அந்த இடத்தில் சபையே ஒரு கணம் மூச்சுவிடாமல் நின்றது எனக்கும் ஞாபகம் இருந்தது.

"ஃபாவே பாடுங்க" என்றேன்.

கொழுந்தனாரின் பழைய கோப்பு வரவில்லை. அவருடைய மெயிலிலும் அது இல்லையாம். ஆகவே உதவியாளர் செய்துவைத்ததிலேயே ஆல்ட்டோவை மட்டும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நானே சரிசெய்தேன். அதற்கு முன்னால் அதன் திருத்தும் அனுமதியை எடுத்துவிட்டேன். இனி படிக்கலாம், தொட முடியாது. நான் ஒவ்வொரு 'ஃபா'வாக வைக்க வைக்க, உதவி தேவையா என்று ஓரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆண்களின் வரியைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. எப்படியோ இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பண்டிகையன்று கோவில் நிறையக் கேரட்டும் முட்டைக்கோஸும் வாழைத்தாருமாகக் குவிந்திருந்தன. காணிக்கையாக வந்த கோழி ஒன்று ஜெபத்தின் நடுவில் கட்டை அவிழ்த்துக்கொண்டு நடைபாதையில் உலாவியது. எங்கள் பாட்டு வந்தது. 'உமதே'யில் ஆல்ட்டோக்கள் வழக்கத்தைவிட உரக்கவே நின்றார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நன்றாகத்தான் இருந்தது. தப்பு என்று தெரிந்த பிறகும் நன்றாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆராதனை முடிந்து ஆயர் கை குலுக்கினார். "இந்த வருஷம் பாட்டு இன்னும் நல்லா இருந்துச்சுங்கம்மா. ஏதாச்சும் புதுசா மாத்துனீங்களா?"

"எதையும் மாத்தாம இருக்கத்தானுங்கய்யா இவ்வளவு பாடு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. காணிக்கைப் பொருள்களின் ஏலத்துக்கு நேரமாகிறது என்று நகர்ந்தார்.

யாரோ எடுத்த வீடியோ கொழுந்தனாருக்குப் போயிருக்கிறது. நாங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கும்போது கூப்பிட்டார். ஆல்ட்டோவைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணி, கடைசி வரியில ஆம்பளைங்களுக்கு யாருங்க எழுதுனது? கீழ போய்ட்டு மேல ஏறி வர்ற மாதிரி. டெனர் இல்லாத குறையே தெரியல. நான் எழுதுனத விட நல்லா இருக்குது. நீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"அதுதான் தம்பி."

"எது?"

"நீங்க குடுக்கச் சொன்னீங்களே, அதுதான்."

அவர் சிரித்தார். "நான்தான் சொன்னேனுங்களே, நம்மள விட நல்லாத் தெரியும்னு. கிறிஸ்துமஸ் பாட்டயும் அதுகிட்டயே குடுத்துருங்க அண்ணி."

நான் போனை மேசை மேல் வைத்தேன். என் கணவர் ஏலத்தில் எடுத்து வந்த பூசணிக்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்றான்?"

"நீங்க நல்லாப் பாடுனீங்களாம்" என்றேன்.

"நான் தாளே பார்க்கலையே" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.