அமைதி என்று எழுத மாட்டேன்

பாறசாலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரே ஒரு மார்க்குக்காகத் தமிழ் டீச்சரோடு மல்லுக்கு நின்றேன். போரில் பிழைத்த ஒருவர் தன் ஊர்க்காரர்கள் முன்னால் பேசிய பேச்சு எங்களுக்குப் பாடமாக இருந்தது. "எங்களை வண்டியில் ஏற்றியபோது நீங்கள் சன்னலைச் சாத்தினீர்கள். உங்கள் பிள்ளைகள் பயப்படக் கூடாது அல்லவா? நல்லதுதான் செய்தீர்கள்" என்று அது போகும். பேசியவரின் தொனி என்ன என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். நான் கோபம் என்று எழுதினேன். டீச்சர் அதை அடித்துவிட்டு அமைதி என்று திருத்தியிருந்தார்.

அமைதியாம் அமைதி! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இது கோவமாக்கும் டீச்சர். எங்க அம்மாவுக்குக் கோவம் வந்தா இப்பிடித்தான் பேசுவா" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சொன்னதில் பொய்யில்லை. அப்பா மேல் கோபம் வந்தால் அம்மாவின் குரல் தணிந்துவிடும், தட்டில் மீன்துண்டு ஒன்று கூடுதலாக விழும். அன்றைக்கு அப்பா சாப்பிடவே பயப்படுவார்.

திருத்தி எழுதினால் மார்க் தருவதாக டீச்சர் இறங்கி வந்தார். மாட்டேன் என்றேன். மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

அம்மா ஆசிரியர் அறையில் நின்றபடியே பாடத்தை முழுக்க வாசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "டீச்சருக்கு என்னைத் தெரியல்ல போல. என் தங்கச்சி நர்சு வேலைக்குப் போன நாட்டுல யுத்தத்துல மாட்டிக் கெடந்தப்போ, அம்பூரிக்கு உங்க வீட்டுக்கு வந்தேன். உங்க அண்ணன் பெரிய ஆப்பீசராச்சே, ஒரு வாக்கு சொல்லச் சொல்லுங்கன்னு கேட்டேன். கல்யாணத்துக்குப் போற அவசரத்துல இருந்திய. பொறவு பாப்போம்னு சொன்னிய. ஆவட்டும் டீச்சர், நல்லா இரியுங்கன்னு சொல்லிட்டு எறங்கினேன். அதும் அமைதின்னுதான் நெனச்சியளா?"

டீச்சர் எழுந்துவிட்டார். "தங்கச்சி வந்து சேந்தாளா?" என்று கேட்டார்.

"வந்தா. இப்பமும் பட்டாசு வெடிச்சா கட்டிலுக்கு அடியில போயிருவா. இப்பமாவது கேட்டியளே."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. அப்படியே வாசலைப் பார்த்துத் திரும்பினாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, மார்க்கு இன்னும் போடல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் மார்க் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.