அய்யாவுக்கு எழுதிய இருண்ட காலம்

பேத்தியின் புதுப் பாடப்புத்தகத்தைப் பிரித்தபோது மைவாசனை வந்தது. அந்த வாசனையில், என் கல்லூரி விடுதி வாசலில் பஸ் புழுதியோடு வந்து நின்ற, என்னைப் பெற்ற அய்யா ஞாபகத்துக்கு வந்தார்.

அது ஐம்பதுகளின் கடைசி. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குப் போய் மேற்கத்திய நாகரிக வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பாடமெல்லாம் இங்கிலீஷில், பாதி புரியாது. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், "இங்கே இப்போது இருண்ட காலம் நடக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டேன். படிக்கத் தெரியாத அய்யாவுக்குத் தபால்காரர் வாசித்துக் காட்டியிருக்கிறார். நடவை அப்படியே போட்டுவிட்டு, மறுநாளே அய்யா பஸ் ஏறிவிட்டார்.

வந்ததும் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "ஏலே, கண்ணு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது அய்யா. இருண்ட காலம்ங்கிறது பாடம். ரோமாபுரி விழுந்த பெறகு ஐரோப்பாவுல பல நூறு வருசம் அப்படித்தானாம்."

"அம்புட்டு வருசம் சூரியன் வரலையா?"

"வந்துச்சு அய்யா."

"பெறகென்ன இருட்டு?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. பேராசிரியரிடம் கேட்கப் பயம்.

அய்யா விடவில்லை. "அப்ப நம்ம பக்கமும் இருட்டாத்தான் கெடந்துச்சா?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். "இதுல நம்ம பக்கமே இல்ல அய்யா."

"இல்லையா? நல்லதாப் போச்சு" என்று பெருமூச்சு விட்டு, நிம்மதியாக ஊருக்குக் கிளம்பினார்.

அது நல்லதுதானா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.