பதில் சொல்லாத வண்டி

டெஸ்டர் அக்கா கைவைத்தால் வண்டியின் மூளையே கருகிவிடும் என்று டயர்கடைக்காரர் சொன்னாராம். அவருக்கு அதைச் சொன்னது தகுதிச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய் வந்த யாரோ. கடைசியில் அது தம்பி வாய்வழியாக அவள் காதுக்கே வந்து சேர்ந்தது, அதுவும் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்த நேரத்தில்.

"நான் நம்பலக்கா. ஆனா கேக்கறவன் நம்புறான்ல?"

கார் வயரிங்கில் அவளுக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் டெஸ்ட் விளக்கால் வந்த பட்டப்பெயர்தான் டெஸ்டர். போன வாரம் ஓட்டுநர் பயிற்சி வாத்தியாரின் காரில் எஞ்சின் விளக்கு எரிகிறதென்று, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துவிட்டது. தன் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். வாத்தியார் பொறுக்கவில்லை, நேரே சோதனைக்குப் போய்விட்டார். அங்கேயும் கருவியைச் செருகினார்கள். வண்டி பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் செத்துவிட்டது, அதை மாற்றுவதற்கு வண்டியையே மாற்றலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைடா. ஸ்கேனர் கேள்விதான் கேக்கும், எரிக்காது."

"அதை அவர்கிட்ட சொல்லு. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குப் பழைய இரும்புக்கடையில வண்டியை எடைக்குக் குடுக்கக் கையெழுத்துப் போடறாராம்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். முதலில் தம்பியின் வண்டியில் ஸ்கேனரைச் செருகினாள். பளிச்சென்று எரிந்தது. கருவியில் குறையில்லை. அப்படியானால் குறை எங்கே?

வாத்தியார் வீட்டு வாசலில் கார் நின்றது, அவர் இல்லை. அவர் மனைவி சாவியை நீட்டினாள்.

"வண்டி ஓடுதாக்கா?" என்று கேட்டாள் டெஸ்டர்.

"நல்லா ஓடுது."

"மூளை கருகினா எப்படி ஓடும்?"

"ஏன், எங்க வீட்டுக்காரர் ஓடலையா?"

சிரித்துக்கொண்டே டெஸ்டர் காரின் தரையில் மல்லாந்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்தாள். ஸ்கேனரைச் செருகினாள், அதில் பொட்டு வெளிச்சம் இல்லை. வண்டி பதில் சொல்வது அப்புறம் இருக்கட்டும். கருவிக்கே கரண்ட் வரவில்லை. சோதனைக்காரர்கள் இதைக்கூடப் பார்க்கவில்லை. டெஸ்ட் விளக்கால், ஸ்கேனரைச் செருகும் வாயின் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டாள். எர்த் சரி. பேட்டரி கரண்ட் வரவேண்டிய ஓட்டையில் விளக்கு எரியவில்லை. அந்தக் கார் வகையில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே பியூஸ். பிடுங்கிப் பார்த்தாள், உள்ளே கம்பி அறுந்திருந்தது.

புதியதைப் போடப் போன கை நின்றது. பியூஸ் சும்மா போகாது. டார்ச்சை லைட்டர் குழிக்குள் அடித்தாள். அடியில் குறுக்காக ஒரு வெள்ளி வளையம். குறட்டால் எடுத்ததும் அவளுக்கு முகம் வெளுத்தது. போன வாரம் இந்தக் காரைப் பார்த்த அன்றைக்குத் தன் போனில் சார்ஜ் இல்லையென்று இந்தக் குழியில்தான் சார்ஜரைச் செருகியிருந்தாள். பையைத் துழாவி எடுத்தாள். சார்ஜரின் மூக்கில் வளையம் இல்லை. பொருத்தினால் கச்சிதமாக உட்கார்ந்தது. கழன்று விழுந்த இதுதான் ஷார்ட் ஆக்கிப் பியூஸை எரித்திருக்கிறது.

அப்போ, பனம்பழத்தைத் தள்ளியதே காக்காதான்.

வாத்தியார் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "பியூஸ் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஏற்கனவே ஊர் வாய்ல விழுந்து கெடக்கறீங்க."

டெஸ்டர் புது பியூஸைச் சொருகினாள். ஸ்கேனர் கண் திறந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர் தன் எண்ணைச் சொன்னது, வரிசையாக எல்லாம் சொன்னது. இருந்தது ஒரே ஒரு குறை: புகைக்குழாயில் ஒரு சென்சார்.

"ஒரு மணி நேர வேலை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தப் பாத்தாரே."

மணி பதினொன்று ஐம்பது. போனில் வாத்தியார் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

"வண்டி உயிரோட இருக்கு, கையெழுத்துப் போடாதீங்கன்னு. அப்புறம், எரிச்சது என் சார்ஜர்னு. டயர்கடைக்காரர் பாதி நெசம் சொல்லிட்டார். மீதியை நானே சொல்லிடறேன்."

 மனைவி காரிலிருந்து சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவர் கையெழுத்துப் போட்டாலும் சரி, இரும்புக்கடை லாரி வந்தாலும் சரி, இது என் இடுப்பை விட்டு வராது. நீங்க போன் அடிச்சுக்கிட்டே இருங்க."

டெஸ்டர் வளையத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மறுபடி எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.