பெட்டி காய்ந்த பொட்டல்

இன்று மாலை சூடான சிமெண்டில் முதல் தூறல் விழுந்த வாசம் வந்ததும் நான் மொட்டைமாடிக்கு ஓடியதைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தீர்கள், பிள்ளைகளே. நாம் வாடகைக்கு இருக்கும் இந்த அடுக்குமாடி நிற்கிற இடம், எனக்கு உங்கள் வயது இருந்தபோது, சிவகாசி ஓரத்தில் எங்கள் தெருவே கூலிக்குப் பசை தடவி ஒட்டிய தீப்பெட்டிகளைக் காயப்போடும் பொட்டல். நனைந்த பெட்டியைத் தீப்பெட்டிக் கம்பெனியில் வாங்கமாட்டார்கள் என்பதால், மேகம் கறுத்தாலே பசை வாடையும் புழுதி வாடையும் கலந்து கிளம்ப, முதலில் பார்த்தவர் கத்த, எல்லா வீட்டிலிருந்தும் சாக்கோடும் கூடையோடும் ஓடிவருவார்கள்.

"யாரு பெட்டின்னு பாக்காதலே, கைக்கு அம்புட்டதை அள்ளு!" என்பாள் என் அம்மா.

மழை விட்டதும் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "மதினி, எங்க பெட்டியையும் அள்ளிட்டீகளா?" என்பாள்.

"அள்ளாம, கரையட்டும்னு விடவா?"

பொட்டல் மனைகளானது, மனைகள் மாடிகளாயின. இன்றும் படியில் நின்று "மழை, மழை" என்று கத்திப்பார்த்தேன், ஜன்னல்களைத்தான் சாத்தினார்கள். கொடியில் கிடந்த எல்லாத் துணியையும் நானே அள்ளிவந்தேன். அதில் ஒரு பள்ளிச் சீருடை இருக்கிறது, உங்கள் அளவுதான். யாரும் தேடி வரவில்லை. விடிந்தால் அந்தப் பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு போகும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் தட்டுவோம். திறப்பவர்களின் பெயரையும் கேட்டுக்கொள்வோம்.