டாட்டா என்றாள் என் மகள்

ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை வேலைக்கென்று எங்கள் ஊரான காஜா பேராங்கில் எங்களைப் பிடித்து லோரியில் ஏற்றினார்கள். "போயிட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, முருகனை நினைத்து ஏறினேன். அவள் இடுப்பிலிருந்த மகள் கையை ஆட்டி, "அப்பா, டாட்டா!" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பழகிய வார்த்தை.

திரும்பி வருவதைப் பற்றி ஒன்றுமே இல்லாத வார்த்தை குழந்தை வாயில் வந்துவிட்டதே!

லோரியில் என் பக்கத்தில் இருந்தவர், நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர். வெள்ளைக்காரத் துரை வீட்டில் கார் ஓட்டியவராம்.

"என்னாண்ணே, புள்ள ஞாபகமா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அட போங்கண்ணே! அது வெள்ளக்காரங்க கைப்புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பேச்சு. எங்க தொரசாணி புள்ளய வண்டியில வச்சி உலாத்தக் கொண்டு போறப்ப, டாட்டா போலாம்னுதான் சொல்லும். பொழுது சாயறதுக்குள்ள புள்ள வீட்டுக்கு வந்துரும்."

அதன்பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. சயாமில் எங்களை வேறு வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு கிடந்தேன். முருகன் அருளால் வீடு வந்து சேர்ந்தேன்.

இன்றும் கோயிலில் எங்கள் அர்ச்சனை முடிந்ததும் இன்னொரு தட்டை நீட்டுவேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்.

"ரெண்டும் தெரியாது சாமி. அவரும் வீடு வந்து சேர்ந்திருக்கணும், அவ்வளவுதான்."

என்றோ முடிந்துபோனதற்கு இப்போது வேண்டிக்கொள்வது முறையா என்று எனக்குத் தெரியாது. வேண்டாமல் வீடு திரும்ப மனம் வருவதில்லை.