செயலாளர் இல்லாத நாளில் ஓர் ஆட்டம்

எங்கள் அண்ணனின் பதினாறாம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவருடைய கால்பந்து லீக்கை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது. அந்த லீக்கோ எனக்கு இந்த நிமிடம் வரை புரியவில்லை. நான் என்ன செய்ய!

மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை நிறுத்திவிட்டு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து என்னைக் கரையேற்றினார். ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வர மாட்டார், மைதானத்துக்குப் போவார். சுற்றுவட்டார ஊர்களின் அணிகளைச் சேர்த்து ஒரு லீக் ஏற்படுத்தி, அதன் செயலாளராகவும் இருந்தார். முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று இரண்டு. லீக்குக்கு மேலே மாவட்டச் சங்கம், அதற்கு மேலே மாநிலச் சங்கம், அதற்கும் மேலே தேசத்துக்கே ஒரு கூட்டமைப்பாம். "அதுக்கு மேல யாருண்ணா?" என்று கேட்டேன். "உலகத்துக்கே ஒண்ணு கீதும்மா" என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு பந்தை உதைக்க இத்தனை பேரா?

ஒரே வருடத்தில் இரண்டு ஆட்டத்துக்கு வராத அணி கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும், இறங்கிய பிறகு ஒரே ஒரு ஆட்டத்துக்கு வராவிட்டாலும் லீக்கிலிருந்தே பெயர் போய்விடும் என்று ஒரு விதி. சென்ற ஆண்டு தீமிதிக்காக ஒன்று, ஒரு கல்யாணத்துக்காக ஒன்று என்று எங்கள் ஊர் அணியே இரண்டு ஆட்டத்துக்குப் போகவில்லை. அண்ணன் தயங்காமல் இறக்கிவிட்டார். ஊர்ப் பெரியவர்களுக்கு இது கோயிலில் முதல் மரியாதையைப் பிடுங்கியதுபோல் பட்டது. "சொந்த ஊரையே தாழ்த்திட்டானே" என்று அவரிடம் பேச்சை நிறுத்தினார்கள். மாவட்டச் சங்கத்துக்கு மேல்முறையீடு செய்யலாமே என்றால், அதை ஊருக்காக எழுதிக் கொடுத்ததும் அண்ணன்தான். செயலாளர் வழியாகத்தான் போக வேண்டுமாம், ஆகவே வாங்கிக்கொண்டதும் அவரே. தள்ளுபடி செய்யலாம் என்று குறிப்பெழுதி மேலே அனுப்பியதும் அவரே! "ஏண்ணா, நீ எந்தப் பக்கம்?" என்றேன். "ரெண்டு பக்கமும்தான்" என்றார். இந்த மனிதரை என்னவென்று சொல்வது!

இந்த 1991இல், மாரடைப்பில் அண்ணன் போன அன்று காலையில் எனக்கு ஒரே பயம்தான். தோள் கொடுக்க ஊரில் யார் வருவார்கள்? பாடை கட்டும் நேரத்தில் ஊர் அணியின் கேப்டன் ஏழுமலை வாசலில் வந்து நின்றான். அப்பாடா என்றிருந்தது. அவன் கேட்டதோ வேறு.

"அக்கா, இன்னிக்கு மூணு மணிக்கு எங்களுக்கு மேட்ச் கீது. போவலைன்னா லீக்குலேர்ந்தே பேரை எடுத்துருவாங்க. தேதியை மாத்தணும்னா செயலாளர்தான் மாத்தணும். இப்ப இன்னாக்கா பண்றது?"

செயலாளர் உள்ளே கூடத்தில் படுத்திருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யாரைக் கேட்பது? மாவட்டத்தையா, மாநிலத்தையா? "போய் ஆடிட்டு வாங்கடா. அதுவரைக்கும் அண்ணனை எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா இது, பொணத்தைப் போட்டுக்கினு மேட்ச்சா?" என்று சித்தப்பா கத்தினார். நான் அசையவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் வந்தார்கள், சட்டையெல்லாம் மண். எதிரணியும் கூடவே வந்திருந்தது. "ஜெயிச்சீங்களா?" என்றேன். "தோத்துட்டோம்க்கா. ஆனா ஆடிட்டோம்" என்ற ஏழுமலை தேம்பித் தேம்பி அழுதான். அவர்கள்தான் அண்ணனைச் சுமந்தார்கள். பேச்சை நிறுத்திய பெரியவர்களும் பின்னால் நடந்து வந்தார்கள்.

மருத்துவமனைக்கு ஓடியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், கத்தினாலும் கடைசிவரை காத்திருந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாவு வீட்டு அணி என்று இரக்கப்படாமல் ஆறு கோல் போட்ட எதிரணிக்கும் நன்றி. அண்ணனுக்கு அவர்கள் செய்த மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன். சரிதானா என்று கேட்க அவர் இல்லை.